மாதிரிப்படி இருநூறு நாசில்கள்

உதிரிபாகம் வாங்கும் கலையின் வரலாற்றை யாராவது எழுத முன்வந்தால், அதில் ஓர் அத்தியாயத்தை எங்களுக்கு ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. மற்ற நிறுவனங்கள் தேய்ந்த பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய பாகத்தை வாங்கின. தேய்ந்த பாகத்தையே புத்தம் புதிதாகச் செய்து வாங்கிய பெருமை, பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் நிற்கும் எங்கள் தோல் இயந்திரக் கூட்டுறவுத் தொழிற்கூடத்தையே சேரும். பண்டகசாலைக் கண்காணிப்பாளர் என்ற முறையில் அந்தக் கொள்முதலில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேண்டிய தொட்டிகளைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து தருவது எங்கள் வேலை. அந்தத் தகடு சாதாரண கேஸ் கட்டிங்குக்கு மசியாது. அதற்காக 1982-இல் வெளிநாட்டிலிருந்து ஒரு பிளாஸ்மா வெட்டு இயந்திரத்தை வரவழைத்தோம். கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு செம்புத் துண்டு இருக்கும். அதற்கு நாசில் என்று பெயர். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகத்தான் தீ பாய்ந்து தகட்டை வெட்டும். வெட்ட வெட்ட ஓட்டை பெருக்கும். பெருத்தால் வெட்டு சாயும். ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டும். இயந்திரத்தோடு வந்தவை இருபது நாசில்கள். அவற்றில் ஏழு, திறப்பு விழாவில் அமைச்சர் தம் பெயரைத் தகட்டில் வெட்டிப் பார்த்ததில் தீர்ந்துபோயின. அமைச்சருக்குப் பெயர் சற்று நீளம்.

1984 தை மாதம், இருபதாவது நாசிலை எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்த தனகோடி என் மேசைக்கு வந்தார். அந்த இயந்திரத்தைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆறு வருடமாகத் ‘தற்காலிக’ ஊழியர். எங்களிடம் தற்காலிகம் அவ்வளவு நிரந்தரமானது.

"சார், இத்தப் பாருங்க" என்று நாசிலை மேசையில் வைத்தார். "புதுசுல இந்த ஓட்டைல தீக்குச்சி போவும், மருந்துத் தலை போவாது. இப்ப ரெண்டு குச்சி மருந்துத் தலையோட போவுது. வெட்டுனா ஓரம் பூரா சாஞ்சிக்கினு வருது."

"அதற்கென்ன இப்போது அவசரம்?"

"இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? சித்திரையில எனக்கு டெஸ்ட் வச்சிருக்காங்க. ஓரடி நேரா வெட்டிக் காட்டுனா பர்மனென்ட். இல்லன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. வீட்ல அஞ்சு பேரு சார், என் ஒருத்தன் சம்பளம். பார்ட்ஸ் புத்தகத்துல நம்பர் போட்டிருக்கு. அத எழுதி அனுப்புனா வந்துடும்."

எவ்வளவு எளிமையாக நினைக்கிறார் பாருங்கள்! புத்தகத்தைப் பார்ப்பதாம், நம்பரை எழுதுவதாம், பாகம் வந்துவிடுமாம். நாடு இப்படி நடந்தால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? நான் முறைப்படி ‘பாகம் அடையாளம் காணும் குழு’ ஒன்றைக் கூட்டினேன். தலைவர், பணிமனை மேலாளர் கோதண்டராமன். உறுப்பினர் செயலர், நான்.

கோதண்டராமன் புத்தகத்தைத் தொடவே மறுத்துவிட்டார். "இயந்திரத்தை விற்றவனே எழுதிய புத்தகம். அவன் பாகத்தை வாங்கு என்றுதானே எழுதுவான்? பாரபட்சமான ஆவணம்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறகு கொள்முதல் விதியைப் படித்தோம். ‘மாதிரி எதுவோ, அதன்படியே பொருள்’ என்று தெளிவாக இருந்தது. மாதிரி எங்கள் கண்ணெதிரே இருந்தது. டார்ச்சிலிருந்து கழற்றிய, எட்டு மாதம் உழைத்த நாசில்.

குழு அதை இரண்டு நாள் அளந்தது. ஓட்டை குறுக்கே ஐந்து மில்லிமீட்டர், நெடுக்கே ஆறு. ஒரு பக்கம் தீ கடித்து எலி கொறித்தாற்போல ஒரு பள்ளம். வரைவாளர் அந்தப் பள்ளத்தையும் விடாமல், பத்து மடங்கு பெரிதாக்கி, மூன்று கோணங்களில் வரைந்தார். அவ்வளவு அழகான வரைபடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தனகோடி வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். "சார், சார்! அது தேஞ்ச ஓட்டை சார்! அத அளந்து இன்னா பிரயோசனம்?"

"குழுவில் நீ உறுப்பினரா?" என்று கேட்டார் கோதண்டராமன். தனகோடி உறுப்பினர் இல்லை. அத்துடன் அந்தத் தொழில்நுட்ப விவாதம் முடிந்தது.

ஆம்பூரில் லேத் பட்டறை வைத்திருந்த முக்தார் அகமதுவுக்கு ஆர்டர் போயிற்று. இருநூறு நாசில்கள், மாதிரிப்படி. மூன்றாம் நாளே அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோல் ஷாப் இயந்திரங்களுக்கு முப்பது வருடமாகப் பாகம் செய்கிற மனிதர். வரைபடம் என்றால் என்ன மரியாதை என்று தெரியாதவர்.

"சாப், இது இன்னா பேஜார்?" என்றார். "எங்க ஊர்ல அத்தினி பேரும் செருப்பு, ஷூ தைக்கறாங்க. குதிகால் ஒரு பக்கமா தேஞ்ச ஷூவக் குடுத்து, இதே மாதிரி தேச்சே புதுசு தைச்சுக் குடுன்னு எவனாச்சும் கேப்பானா?"

"ஷூ வேறு, அரசாங்கம் வேறு" என்றார் கோதண்டராமன்.

"லேத்துல சுத்துனா ஓட்டை வட்டமாத்தான் சாப் வரும். இப்டி கோணலா வேணும்னா ஒண்ணொண்ணா கையால அரம் போட்டுத் தேய்க்கணும். வேலை ஜாஸ்தி. நேரா போட்டா வேலையும் கம்மி, பொருளும் உருப்படியா இருக்கும்."

"மாதிரியில் வட்டம் இல்லை. நீங்களாக வட்டமாக்கினால் நிராகரிப்போம்."

முக்தார் அகமது என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவருடைய பட்டறையில் ஆறு பேர் இரண்டு மாதம் உட்கார்ந்து, நல்ல செம்பை அரத்தால் கெடுத்தார்கள். பங்குனிக் கடைசியில் பெட்டி வந்தது. இருநூறு கேட்டதற்கு இருநூற்றொன்று இருந்தன.

பரிசோதனை கண்டிப்பாக நடந்தது. ஒவ்வொரு நாசிலையும் மாதிரியோடு ஒப்பிட்டோம். அதே கோணல், அதே பள்ளம். இருநூறும் ‘மிக நன்று’. இருநூற்றொன்றாவதில் மட்டும் ஓட்டை சிறியதாகவும் வட்டமாகவும் இருந்தது. தீக்குச்சி போயிற்று, மருந்துத் தலை போகவில்லை. தனகோடி சொன்ன கணக்கைக் கேட்டு முக்தார் அகமது காசு வாங்காமல் கடைந்து வைத்தது. குழு அதைக் ‘கடுங்குறைபாடு உடையது’ என்று எழுதி நிராகரித்தது. நான் அதை நிராகரிப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

தேர்வுக்கு முதல் நாள் தனகோடி பண்டகசாலைக்கு வந்தார். அங்கீகரிக்கப்பட்ட நாசில்களில் பதினொன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பதினொன்றும் விதிப்படி கோணலாக வெட்டின.

"சார், அந்த ஒண்ணக் குடுங்க. ஒரு மணி நேரத்துக்குப் போதும். டெஸ்ட் முடிஞ்சதும் திருப்பி வச்சிடறேன்."

"நிராகரிக்கப்பட்டதைக் கொடுக்க விதியில்லையே, தனகோடி."

"ஆறு வருசம் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் கல் மனசுக்காரன் அல்ல. பெட்டியைத் திறந்தேன். நாசிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன். அவர் குனிந்து என் காலைத் தொடப் போனார். தடுத்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது என்னைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

மறுநாள் தனகோடி வெட்டினார். தீ நூல் பிடித்தாற்போல ஓடியது. அரை அங்குலத் தகடு ஓரடி நீளத்துக்கு இரண்டாகப் பிரிந்தது. கோதண்டராமன் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தும் பார்த்தார். எங்கும் இடைவெளி இல்லை. அவர் முகம் கறுத்தது.

"நேராக இருக்கிறதே!" என்றார். "நம் நாசிலில் இப்படி வராதே! டார்ச்சைக் கழற்று."

பகல் உணவுக்குள் விசாரணைக் குழு அமைந்தது. தலைவர், கோதண்டராமன். உறுப்பினர் செயலர், நான். தனகோடியை நிற்க வைத்து, "நிராகரிப்புப் பெட்டியிலிருந்து இதை உனக்கு எடுத்துக் கொடுத்தது யார்?" என்று கேட்டார் தலைவர்.

தனகோடி என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். தேதியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். அவர் வாயைத் திறந்தால் என் இருபத்திரண்டு வருட உத்தியோகம் போய்விடும்.

"யாரும் குடுக்கல சார். நானே எடுத்தேன்" என்றார் தனகோடி.

அதை அப்படியே பதிவு செய்தேன். சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

பணிநீக்க ஆணையின் வாசகத்தை நானே தயாரித்தேன். ‘வெட்டு நேராக இருந்தமையால், பயன்படுத்தப்பட்டது அங்கீகரிக்கப்பட்ட பாகம் அல்ல என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.’ இந்த ஒரு வாக்கியத்துக்காகக் கோதண்டராமன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தட்டச்சர் பூரணி மட்டும் அடிப்பதை நடுவில் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத பெண்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பெட்டி பூட்டித்தானே கெடக்கும். சாவி உங்ககிட்டதானே இருக்குது. அப்புறம் அவரு எப்டி எடுத்தாரு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. கோப்பில் ஓட்டை இருக்கக் கூடாது.

"பூட்டை உடைத்து எடுத்தார் என்று அடிம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அடித்தாள். தனகோடி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் அலுவலகக் குறிப்பில் பொய் இருந்ததாக இதுவரை எந்தத் தணிக்கையும் சொன்னதில்லை. இனியும் சொல்லிவிடக் கூடாது. அவர் ஏறிய பேருந்து கிளம்பியதும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குள் போனேன். பெட்டியின் பூட்டு நல்ல பூட்டு. நாலு அடி அடித்த பிறகுதான் உடைந்தது.