கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

“ஏலே லிபின், மவுஸு உள்ள போயிட்டு வெளிய வரமாட்டங்கு!”

யேசுதாசன் போனில் போட்ட கத்தலில், தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் அவருடைய அச்சகத்தை எட்டிப் பார்த்தார்கள்.

கார்டு அடிக்கும் பழைய தமிழ் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் ரிப்பேர் பார்க்கும் லிபின், புது விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் பழைய விண்டோஸையும் ஓடவிட்டுப் போயிருந்தான். இப்போது அம்புக்குறி அந்த ஜன்னலுக்குள் சிக்கிக்கொண்டது. ஜான்ரோஸ் மகள் ஷைஜாவின் கல்யாணக் கார்டை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

“வலதுபக்கக் கண்ட்ரோல் பட்டனை அமுக்குங்க அண்ணாச்சி.”

“அமுக்கியாச்சு. ஒரு மண்ணும் நடக்கல்ல!”

அமுக்கியது இடதுபக்கத்தில் உள்ளதை. ஆத்திரத்தில் பிளக்கையே பிடுங்கினார்.

மறுபடி போட்டபோது புது விண்டோஸ் வந்தது. பழையது நீலத் திரையைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது.

“பிளக்கைப் புடுங்குனீங்களா? சரி, ஸ்னாப்ஷாட்டுன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதைக் குடுத்தா, எடுத்த அன்னைக்கு இருந்த மாதிரியே பழைய விண்டோஸ் திரும்பி வரும். ஆனா அண்ணாச்சி, அதுக்கப்புறம் செஞ்ச வேலை…”

“ஆனாவும் ஆவன்னாவும் எனக்கு வேண்டாம்லே!”

போனை வைத்துவிட்டு ஸ்னாப்ஷாட்டைக் கொடுத்தார். எல்லாம் திரும்பி வந்தது. கார்டும் இருந்தது. வாசித்துப் பார்க்கும் பொறுமையெல்லாம் அவரிடம் மிச்சமில்லை. அச்சடித்துக் கட்டி வைத்தார்.

சாயங்காலம் ஜான்ரோஸ் மகளோடு வந்து கட்டைப் பிரித்தார். முகம் கறுத்தது.

“என்னவே இது? மாப்பிள்ளை பேரு சிஜின். பெனிஷ்னு போட்டிருக்கீரு!”

யேசுதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் பேசிய மாப்பிள்ளை பெனிஷ். எந்த மண்டபம் என்பதில் சம்பந்திகள் சண்டை போட்டு அது முறிந்தது. அதே தேதியில் வேறு மாப்பிள்ளை, பேரை மட்டும் மாத்தும் என்று ஜான்ரோஸ் வீம்பாகச் சொன்னது போன வாரம்தான். ஸ்னாப்ஷாட் அதற்கு முந்தையது.

“எல்லாம் அந்த லிபின் பய செஞ்ச வேலை!”

“எவன் செஞ்சா எனக்கென்னவே? ஊரு காறித் துப்பணுமா? அவன் நம்பரைத் தாரும்!”

ஒரு கார்டை நாலாகக் கிழித்து எறிந்துவிட்டு, லிபினைத் திட்டுவதற்காக ஜான்ரோஸ் போனோடு ரோட்டுக்கு இறங்கினார்.

“பயப்படாத மக்கா, மாமா இப்பமே பேரை மாத்தி அடிச்சுத் தாறேன்” என்றார் யேசுதாசன்.

ஷைஜா ஒரு கார்டை எடுத்துத் தன் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

“மாத்தாதீங்க மாமா. பெனிஷைத்தான் கட்டுவேன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நீங்க அச்சடிச்சே சொல்லிட்டீங்க!”