காப்புக் கட்டிய நகராட்சி

ஏரிமேட்டுப்பட்டி,
(இப்போது பெரம்பலூர் நகராட்சி),
ஆடி மாதம், 2005.

அன்பும் மரியாதையும் மிக்க முத்துவேல் மாமாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் அக்கா மகள் பரிமளா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் எல்லோரும் நலம். அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் நீங்களும் அத்தையும் சிமெண்ட் தூசிக்கு நடுவிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊர்க்கூட்டத்தில் நான் வாயாடினேன் என்று அம்மா உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டாளாம். ஆகவே நடந்த அனைத்தையும், எனக்குப் பாதகமானவை உட்பட, உண்மையாகவே பதிவு செய்கிறேன்.

அடுத்த வாரம் பெரம்பலூரில் இரண்டு நாள் அறிவியல் கண்காட்சி. மணலும் கரியும் வைத்து நான் செய்த தண்ணீர் வடிகட்டி எங்கள் பள்ளியிலிருந்து தேர்வாகியிருக்கிறது. ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். ஆனால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். தேர் முடியும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா, “அடுத்த வருசம் போயிக்கலாம் பாப்பா” என்றார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, அனுப்பவே மாட்டார்கள். அதனால் நானே கூட்டத்துக்குப் போய், ஊர்ப் பெரியவர் குருநாதன் பெரியப்பாவிடம், “நம்ம ஊரத்தான் நகராட்சியில சேத்துட்டாங்களே பெரியப்பா, வூட்டு வரி ரசீதுலயே பெரம்பலூர்னுதான போட்டிருக்கு, அப்பறம் பெரம்பலூர் எப்படி வெளியூராவும்?” என்று கேட்டேன். டவுனில் நைட் வாட்ச்மேனாக இருக்கும் வைத்திலிங்கம் சித்தப்பா உடனே எழுந்து, “பாப்பா சொல்றது ஞாயந்தானுங்க” என்றார்.

பெரியப்பா யோசித்து, “சரி, ஊரு பெரம்பலூர் வரைக்கும்னா காப்பும் பெரம்பலூர் வரைக்குந்தான்” என்றார். நான் வென்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து துணிகளை மடித்து வைத்தேன். மறுநாள் காலை அவர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கே போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உள்ள ஓட்டலில் கடுகு போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரிடம், “காப்புக் கட்டியிருக்கு, தாளிக்காதீங்க” என்றாராம். “எந்த ஊருக் காப்புங்க?” “இந்த ஊருக் காப்புதான்.” மாஸ்டர் கோபப்படாமல் அடுப்பைக் குறைத்து, “நாங்களும் உங்க ஊருன்னா அம்மன் எங்க தெருவுக்கும் வரணும்ல? தூக்கிட்டு வாங்க, நான் தாளிக்கல” என்றாராம். பக்கத்து டீக்கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் தங்கள் தெருவுக்கும் அம்மன் வர வேண்டும் என்றார்களாம். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அம்மனைச் சுமக்கும் அமாவாசை அண்ணன் கூட்டத்தில் துண்டை உதறிப் போட்டார். “டவுனு பூராவும் சுத்தணும்னா நீங்களே தூக்கிக்கங்க. என் தோளு எந்த நகராட்சியிலயும் சேரல!”

உடனே எல்லையைப் பழையபடி ஏரிக்கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். என் வடிகட்டியும் அத்துடன் திரும்பி வந்துவிடும் போலிருந்தது. நான் எழுந்து, “தூங்கறதுக்கு மட்டும் நகராட்சி எல்லை, தாளிக்கறதுக்கும் தூக்கறதுக்கும் பழைய எல்லைன்னு வச்சிக்கலாங்க” என்றேன். அமாவாசை அண்ணன்தான் முதலில் கைதட்டினார். “எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்குய்யா இந்தப் புள்ள” என்று பெரியப்பாவும் சம்மதித்தார். நான் வாயாடினேன் என்று அம்மா சொல்வது இதைத்தான்.

அத்தைக்கு என் வணக்கம். மாரியம்மன் உங்கள் வீட்டில் காய்ச்சல், கடன் எதுவும் நுழையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பரிமளா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜெயசித்ரா டீச்சர் வந்து, கண்காட்சியை அரியலூருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வேறு நகராட்சி. ஆனால் அரியலூரும் இப்போது பெரம்பலூர் மாவட்டம்தான், மாவட்ட வரைபடத்தில் பார்த்துவிட்டேன். தூங்குவதற்கு மாவட்டமே எல்லை என்று நாளைக் கூட்டத்தில் பேசப் போகிறேன். கண்காட்சியன்று இரவு உங்கள் வீட்டில்தான் தங்குவேன், அத்தையிடம் பாய் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரியப்பா ரெட்டிபாளையத்துக்கும் வந்துவிடக்கூடும், எதற்கும் தாளிக்காமல் இருங்கள். இதை அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். விளக்கை அணைத்துவிட்டாள்.