பள்ளத்தாக்கின் லீ

வருத்தப்படவே தெரியாத மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவருக்கும் சேர்த்து, அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள் வருத்தப்பட வேண்டியிருந்தது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கெல்லாம் அவர் ஸ்தோத்திரம் ஃபிட்டர். கேரள மலையில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தார். நல்லது நடந்தால் ‘ஸ்தோத்திரம்’ என்பார். கெட்டது நடந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். ஒருநாள் இலை உருட்டும் மெஷினின் இரும்புத் தகடு இடது கால் கட்டைவிரலில் விழுந்து, விரல் வாழைப்பூ மாதிரி வீங்கிவிட்டது. பார்க்கப் போனேன்.

“ஸ்தோத்திரம் தம்பி. வலது கால்ல விழுந்திருந்தா என் கதி என்ன? அதுலல்லா தாளம் போடுதேன்” என்றார்.

ஆனி மாதக் காற்றில் அவர் குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டின் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்து மலையில் விழுந்தது. பெட்டி படுக்கை எல்லாம் நனைந்து, மனைவியும் இரண்டு மகள்களும் ஒரு குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஹார்மோனியத்தை ரப்பர் ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, “ஸ்தோத்திரம், பொட்டி நனையல” என்றார்.

அந்த ஹார்மோனியம்தான் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஃபிட்டர் வாசிப்பார். மனைவி எஸ்தரக்காவும் மகள்கள் கிரேஸும் பியூலாவும் பாடுவார்கள். கல்யாணம், துக்கம், புதுவீடு, மாடு கன்று போட்டது, எதற்கும் அழைப்புத் தேவையில்லை. குழுவுக்கு ‘பள்ளத்தாக்கின் லீலிகள்’ என்று பெயர் வைத்து, பெட்டியின் முகப்பில் எழுதச் சொல்லியிருந்தார். எழுதியவர் எழுத்தைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டார். ‘பள்ளத்தாக்கின் லீ’ என்பதோடு பெட்டி முடிந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள், “லீ யாரு, சீனாக்காரரா?” என்று கேட்பார்கள். “அவரும் ஆண்டவர் பிள்ளைதானே” என்று ஃபிட்டர் விட்டுவிடுவார்.

பாட்டுகளும் அவரே கட்டியவை. ‘என் பாவ நட்டைக் கழற்றினீரே, கிருபை ஸ்பேனராலே’ என்று ஒன்று உண்டு. மூத்தவள் கிரேஸ் அந்த வரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பக்தி என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், வெட்கம்.

நான் அந்தக் குழுவில் மாட்டிக்கொண்டது என் விரல்களின் குற்றம். நான் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரன், சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குமாஸ்தா. சின்ன வயதில் இரண்டு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டு, வாத்தியாரே வேண்டாம் என்று சொன்னதால் நிறுத்தியவன். ஒருநாள் டீக்கடை மேஜையில் சும்மா விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஃபிட்டர் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

“தம்பி, நீங்கதானா அது?”

“எது?”

“நான் ஜெபத்துல கேட்ட தபேலாக்காரர்.”

“நான் இந்து, அண்ணாச்சி.”

“தபேலாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கிழமை காலையிலே வந்துருங்க.”

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “எந்த ஸ்வாமிக்கு வாசிச்சா என்னடா, தாளம் தப்பாம வாசி. அதான் நோக்கு வராதே” என்றாள்.

எழுபதுகளின் நடுவில் அந்த எஸ்டேட்டில் ஏதோ தகராறு வந்து தொழிற்சாலையைப் பூட்டினார்கள். லைன் வாசலில் கூட்டம் கூடி, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று ஆளாளுக்குத் திகைத்து நின்றது. ஃபிட்டர் முன்னால் வந்து, “ஸ்தோத்திரம். இனிமே முழு நேரமும் பாடலாம்” என்றார். அதுவரை தைரியமாக இருந்தவர்களும் அப்போதுதான் உடைந்து போனார்கள்.

கொஞ்ச நாளில் வீட்டையும் காலி செய்யச் சொல்லவே, குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. எனக்கும் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு மாற்றல் வந்தது. தபேலாவிலிருந்து விடுதலை என்று நிம்மதியாகவே கிளம்பினேன். அங்கே போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே சைக்கிள் கடை வாசலில் ‘பள்ளத்தாக்கின் லீ’.

“வந்துட்டீங்களா தம்பி?” என்றார் ஃபிட்டர், நேற்று சொல்லிவைத்த ஆளைப் பார்ப்பதுபோல.

சைக்கிள் கடை எஸ்தரக்காவின் தம்பியுடையது. கடைக்குப் பின்னால் இருந்த ஒரே அறையில் நான்கு பேரும் இருந்தார்கள். மோட்டார் பம்பு பழுது பார்த்துப் பிழைக்கலாம் என்றுதான் வந்தது. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணறே வற்றிக் கிடந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? யாரும் கூப்பிடவில்லை. பாட்டுக்கு மட்டும் அங்கங்கே கூப்பிட்டார்கள். ஆனால் பாட்டுக்கு அவர் காசு வாங்கமாட்டார். “பாட்டு எனக்குச் சும்மா வந்தது. சும்மா வந்ததை விக்கக்கூடாது” என்பது அவர் சட்டம். நான் எப்போது போனாலும் வாரக்கணக்காக மரவள்ளிக்கிழங்கு வாசனைதான் வந்தது. எஸ்தரக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டால், “நான் அப்பமே சாப்பிட்டுட்டேன்” என்பார். எப்போது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணத்துக்குப் பாடப் போனோம். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஒரு கவரை நீட்டினார். ஃபிட்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஹார்மோனியத்தைத் தூக்கியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

“எஸ்தரு, பொட்டி என்ன இவ்வளவு கனக்கு?”

“வயசாகுதுல்லா” என்றார் எஸ்தரக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. அந்தத் தடத்தில் போகும் பஸ்ஸில் பயணிகளைவிட அரிசி அதிகம். தலையணைக்குள் அரிசி, பால் கேனுக்குள் அரிசி. எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாளுக்கு நிறைமாதம்போல வயிறு. தலையோ முழுக்க நரைத்திருந்தது.

எல்லையில் கேரளப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. பஸ்ஸுக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஏறிய போலீஸ்காரர் நேரே ஹார்மோனியத்தின் முன்னால் வந்து நின்றார்.

“எந்தா இது?”

“ஹார்மோனியம் சார். நாங்க பாட்டுக்காரங்க” என்றார் ஃபிட்டர்.

“யாரு இந்த லீ?”

“அது பெரிய கதை சார்.”

“சரி, எந்நா வாசி, கேக்கட்டும்.”

எல்லோரையும் கீழே இறக்கி, பெட்டியைச் சாவடி பெஞ்சில் வைத்தார்கள். ஃபிட்டர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்தார். போலீஸ்காரர் ஒருவர் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. துருத்தியை அழுத்தினார். அது அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். ஆஸ்துமாக்காரர் படியேறுவதுபோல உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு முன்பக்கத் துவாரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டத் தொடங்கியது.

ஃபிட்டர் அரிசியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பசித்த ஜனங்களுக்கு வானத்திலிருந்து மன்னா அப்பம் விழுந்த பைபிள் கதையெல்லாம் நம்புகிறவர் ஆதலால் ஒரு நிமிஷம் அவர் முகத்தில் சந்தேகம்கூட இல்லை.

“நான்தான் வச்சேன்” என்றார் எஸ்தரக்கா. “பொண்ணோட அம்மை ஆக்கித் தின்னுங்கன்னு தந்தா. நான்தான் திருப்புளி போட்டுத் திறந்து உள்ளே கொட்டினேன்.”

“பாட்டுக்குக் கூலியா வாங்கினே?”

“பாட்டுக்கு வாங்கலை. பசிக்கு வாங்கினேன். பிள்ளைங்க ரெண்டும் உச்சத்துல பாடும்போது கண்ணு இருட்டுதுன்னு சொல்லுது. உங்ககிட்டச் சொன்னா ஸ்தோத்திரம்னு சொல்லுவீங்க. நான் யார்கிட்டச் சொல்ல?”

ஃபிட்டர் மகள்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தேய்ந்த மெஷினை எங்கே தேய்ந்தது என்று பார்ப்பாரே, அப்படி மெதுவாகப் பார்த்தார். “நீ கடைசியா என்னைக்கு வயிறாரத் தின்னே?” என்று கேட்டார். எஸ்தரக்கா குனிந்து சிந்திய அரிசியைக் கையால் கூட்டினார். “இன்னைக்குக் கல்யாண வீட்டுல” என்றாள் சின்னவள் பியூலா. “அதுக்கு முன்னால எங்களுக்கு நினைவில்லப்பா.”

அவர் பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

பிறகு ஃபிட்டர் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். “சார், என்னைக் கைது பண்ணுங்க. வீட்டுக்காரன் நான்தான். குத்தம் என்னுது.”

“ஹேய், அதொண்ணும் வேண்டா. வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சம் கொண்டு போகலாம், போ.”

“இது கொஞ்சம் இல்லையே சார். கூட இருக்கும். அளந்து பாருங்க.”

“எனக்கு அளக்கத் தெரியாது.”

“நான் அளந்து காட்டுதேன் சார்.”

“எடோ, போகச் சொன்னா போவணும்” என்றார் போலீஸ்காரர். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. “இவரைப் பிடிச்சுக் கொண்டு போங்க அம்மா.”

இவர் போகமாட்டேன் என்று நிற்க, இன்னும் கொஞ்ச நேரம் போனால் உண்மையாகவே அளவுப் படி வந்துவிடும், வந்தால் எல்லோர் மடியையும் அளக்கும் என்று பஸ்ஸே நடுங்கியது. நரைத்த தலை நிறைமாத அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க, சாமி பாட்டு ஒண்ணு பாடுங்க. கேட்டுட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்.”

ஹார்மோனியம் அரிசி தின்றுவிட்டுக் கிடந்ததால் வெறும் குரலில் பாடினார்கள். யாரோ இறக்கி வைத்திருந்த பால் கேனில் நான் தாளம் போட்டேன். உள்ளே அரிசி இருந்ததால் நாதம் அருமையாக இருந்தது. கிருபை ஸ்பேனர் வரியில் கிரேஸ் கண்ணை மூடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாடினாள். திருநீறு பூசியவர்கள், தொப்பி போட்டவர்கள், பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சோதனை தொடராமல் இருக்கவேண்டும் என்ற உருக்கத்தோடு பல்லவியைத் திருப்பிப் பாடினார்கள். அவ்வளவு பெரிய பாடகர் குழு ஃபிட்டருக்கு அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமைந்ததில்லை. போலீஸ்காரர் கையை ஆட்டிப் பஸ்ஸை அனுப்பிவிட்டார்.

பஸ் கிளம்பியதும் பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கொழிஞ்சாம்பாறையில் அரிசி மில் வைத்திருப்பவர்.

“ஏனுங்க, நீங்க மிசினு வேலை பாப்பீங்களா? நம்ம மில்லுல மோட்டாரு ஒண்ணு படுத்துக் கெடக்குதுங்க. அளந்து பாருங்கன்னு போலீஸுகிட்டயே சொல்ற ஆளை நான் இன்னிக்குத்தானுங்க பாத்தேன். நாளைக்கே வந்துருங்க. ஆனா மில்லுக்குள்ள பாடப்படாதுங்க.”

“அது மட்டும் நம்மளால ஆகாது” என்றார் ஃபிட்டர்.

மில்காரர் கொஞ்சம் யோசித்தார். “சரி, பாடிக்குங்க. மிசினு சத்தத்துல யாருக்குங்க கேக்கப்போகுது?”

அன்று சாயங்காலம் அந்த ஒற்றை அறையில் சோறு வெந்தது. ஃபிட்டரின் ஜெபம் ஆரம்பித்தால் குழம்பு ஆறி ஏடு கட்டிவிடும். அன்றைக்கு ஒரே வரியில் முடித்தார். முடித்துவிட்டு எஸ்தரக்காவின் தட்டில் தன் கையால் முதலில் சோறு போட்டார். அக்கா சாப்பிடத் தொடங்கும்வரை எங்களில் யாரையும் தொடவிடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சாப்பிட்ட நாளெல்லாம் அதுதான் வழக்கம்.

அடுத்த சித்திரையில் எனக்குப் பாலக்காட்டுக்கே மாற்றல் வந்தது. கல்பாத்தியில் வீட்டிலிருந்தே நடந்து போகலாம். எத்தனையோ பேர் தவம் கிடக்கும் இடம். நான் மேலதிகாரியிடம் போய், கொழிஞ்சாம்பாறைத் தண்ணீர்தான் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்லி அதை ரத்துசெய்ய வைத்தேன். அந்த உப்புத் தண்ணீர் எந்த ஜீவனுக்கும் ஒத்துக்கொண்டதில்லை. ஃபிட்டரிடம் காரணத்தைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருப்பார், நான் அவர்களைப் பிரிந்து போகவேண்டி வந்திருக்கும்.