ஆறிடுச்சா சாரும் ஏழு சீசாக்களும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், அடிபட்டு வந்தவனைப் பார்த்து முகம் மலர்கிற ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் ‘ஆறிடுச்சா’ சார். வாட்ச்மேன் மொபெட்டிலிருந்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தால் எல்லோரும் “ஐயையோ” என்போம். இவர் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் போல, “வாங்க, வாங்க, உக்காருங்க” என்பார். கழுவிக் கட்டுப் போட்டு அனுப்புவார். மறுநாளிலிருந்து எதிரே பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “ஆறிடுச்சா?” சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரி லேபில் அவர் ஆராய்ச்சியாளர், தற்காலிகம்தான். நான் அவருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பவள். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள், சோகை, அதாவது கரும்புத் தோகை, கிழித்த கைக்கு நொச்சி இலையைக் கசக்கி வைப்பார்கள். அந்த நொச்சியில் எண்ணெய் இறக்கித் தடவினால் புண் சீக்கிரம் ஆறுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆறும் என்று காட்டினால் திட்டம் நீளும், சாருக்கு வேலையும் இருக்கும். இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே கும்பிடு.

“வெட்டுறவங்க ஒவ்வொருத்தர் இடுப்புலயும் ஒரு சின்ன சீசா இருக்கணும்மா” என்பார், ஜன்னல் வழியே பச்சைமலையைப் பார்த்தபடி. அந்த நேரத்தில் நான் எழுந்து போனாலும் அவருக்குத் தெரியாது. நான் போனதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

நொச்சி கொதிக்கிற நாளில் எங்கள் மாடியே வேறு உலகம். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து, இளஞ்சூட்டோடு சொட்டுச் சொட்டாக எண்ணெய் சீசாவில் விழும். ஒரு மூட்டை இலைக்கு ஒரு ஸ்பூன் கிடைத்தால் அதிகம். வாசனை மட்டும் ஊருக்கே போதும். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறவரின் குரல் இழுத்து இழுத்துத் தாலாட்டாகிவிடும். ஆபீஸ் கிளார்க் கன்னத்தை லெட்ஜர் மேல் வைத்துவிடுவார். வெயில்கூட அந்த வராந்தாவில் தயங்கித் தயங்கித்தான் நகரும். ஒருநாள் துறைத்தலைவர் கோபமாகப் படியேறி வந்தார். வந்த கோபம் என்னவென்று மறந்துபோய், நாற்காலியில் சாய்ந்து, “நல்லாருக்குய்யா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சார் யார் புண்ணிலும் அந்த எண்ணெயைத் தடவவில்லை. சோதித்துப் பார்க்காததைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. சின்னச் சின்னத் தட்டைக் கிண்ணங்களில் தோல் செல்களை வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறுவோம். எண்ணெய் விட்ட கிண்ணத்தில் கீறல் எப்போது மூடுகிறது, விடாததில் எப்போது என்று பார்க்க வேண்டும். கீறுவதற்கு முன்னால் சார் கிண்ணத்திடம் குனிந்து, “கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்பார். என்னை எப்போதும் ‘வா, போ’ என்பவர், கிண்ணத்துக்கு ‘ங்க’ போடுவார். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும், “ஆறிடுச்சா?”

விதி ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. திட்டத்தை நீட்டலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வருவதற்கு முதல்நாள், சார் இலை பறிக்க எறையூர் போயிருந்தார். லேப் போர்டில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ‘ஆறிடுச்சு’. முந்தினநாள் கீறி எண்ணெய் விட்ட கிண்ணங்களும் ஏழு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் ஏழு கீறலும் மூடிவிட்டன என்று ரிப்போர்ட்டில் எழுதி, அச்செடுத்து, அட்டையும் போட்டுவிட்டேன்.

மறுநாள் குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “ஒரே நாள்லயா? பிரமாதம்!” துறைத்தலைவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. சார் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சும்மா இருந்திருந்தால் போதும், திட்டமும் வேலையும் அன்றைக்கே கையில்.

“ஐயா, ஆறினது ஏழு சீசா எண்ணெய்ங்க. சூடு ஆறினாத்தான் சீசாவுக்கு மூடி போட முடியும். அதுக்கு எழுதி வெச்ச சீட்டு அது.”

“அப்ப புண்ணு?”

“எண்ணெய் விட்டதும் விடாததும் ஒண்ணாத்தான் ஆறுதுங்க. வித்தியாசம் எதுவும் தெரியல.”

“இத எழுதினது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சார் என் பக்கம் திரும்பி, “ஏம்மா, எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா” என்றார். படியிறங்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது: “நாந்தாங்க எழுதினேன்.”

டீயோடு நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரும் டீயைத் தொடவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அந்த மாதத்தோடு சார் கிளம்பினார். இப்போது திருமானூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நான் அதே லேபில், வேறு திட்டத்தில். அவ்வப்போது போன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. எடுத்ததும், “ஆறிடுச்சா?” எதைக் கேட்கிறார் என்று இருவருக்கும் தெரியும். “ஆறிடுச்சு சார்” என்று இத்தனை நாளும் புளுகிக்கொண்டிருந்தேன்.

போன வாரமும் கேட்டார். மேஜையில் டீ இருந்தது. என்னவோ அன்றைக்குப் புளுக முடியவில்லை.

“டீதான் சார் ஆறிடுச்சு” என்றேன்.

சார் மெதுவாக, “கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார்.