கமலாவின் செத்தவீடு

இந்த உலகத்தில் தொலைக்காட்சியைக் காதால் மட்டுமே பார்த்த ஒரே மனிதர், எங்கள் வல்வெட்டித்துறை அன்ரனா அண்ணைதான். பகலில் சைக்கிள் கடை. பொழுதுபட்டால் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஏறித் தொலைக்காட்சி அன்ரனாக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். தெற்கே திருப்பினால் கொழும்புச் செய்தி, கடல் பக்கம் திருப்பினால் இந்தியப் பாட்டு, இன்னும் கொஞ்சம் திருப்பினால் இந்தி நாடகம். வேறு யாராவது கம்பத்தைத் தொட்டால் சண்டைக்கு வருவார்.

"தெரியுதோ?" என்று மேலிருந்து கேட்பார். "தெரியுது அண்ணை!" என்று வசந்தி அக்கா கீழிருந்து கத்துவாள். படத்தில் நடப்பதையும் அவளே கத்திச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆகவே கதாநாயகிக்குக் கமலா என்று பெயர் வைத்து, கதையையும் அக்காவே கட்டினாள். மாமியார் கமலாவை அடித்தால், அன்ரனா அண்ணை பல்லைக் கடிப்பது கீழே எங்களுக்குக் கேட்கும்.

ஒருநாள் தொண்டை கட்டிய எரிச்சலில் அக்கா, "கமலா செத்துப்போனா அண்ணை!" என்று கத்திவிட்டாள்.

திரை முழுக்கப் புள்ளிகள். இறங்கி வந்த மனிதர் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார்.

"செத்தவீட்டிலை ஆரும் ரீவி பாப்பினமே? அந்தியேட்டி முடியட்டும்."

அந்தியேட்டிச் சடங்குக்கு முப்பத்தொரு நாள்! அம்மாவுக்குத் தலை சுற்றியது.

"ஐயோ, பொய் சொன்னனான் அண்ணை! கமலா உயிரோடைதான் இருக்கிறா!" அக்கா காலில் விழாத குறை.

"என்னைத் தேத்தாதை பிள்ளை."

கண்ணால் கண்டால்தான் நம்புவார். ஆனால் அவர் கீழே இருந்தால் மேலே யார்? மறுநாள் மாலை அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அப்பா கணக்கு மாஸ்ரர். நாடகத்தை "விசர்க் கதை" என்று ஏசிக்கொண்டே பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்ப்பவர். உயரம் என்றால் அவருக்குக் கால் நடுங்கும்.

படம் தெளிந்தது.

வெள்ளைத் துணி போர்த்து, மாலை போட்டுக் கமலாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்று எல்லோரும் அழுதார்கள்.

"ஐயோ, என்ரை கரிநாக்கு!" என்று அக்கா அலறினாள்.

மேலிருந்து அப்பாவின் குரல் நடுங்கி வந்தது. "என்ன சத்தம் அது? அந்தப் பிள்ளை உயிரோடை இருக்கிறாளோ?"

அன்ரனா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

"ஓம் மாஸ்ரர்! நல்லாச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறா! நீங்கள் ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு மெல்ல இறங்குங்கோ!"

அப்பாவின் கால் தரையைத் தொட்ட பிறகுதான் அன்ரனா அண்ணை வாய்விட்டு அழுதார். அவரை எப்படி எங்களுக்குப் பிடிக்காமல் போகும்?