ஒரு கடுகும் இருக்கக் கூடாது

ஆம்ப்ரோஸ் வாத்தியார் தீர்மானம் போட்டுவிட்டார். ஆஸ்திரேலியாவுக்குத் தன் சொந்தக் காரில்தான் போவது. நடுவில் கடல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். சாந்தோமில் காலமெல்லாம் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆன மனுஷன், அவருக்கா தெரியாது? காரைக் கப்பலில் அனுப்புவது, பின்னாலேயே பிளேனில் போய் இறங்குவது, கடலோரமாகவே ஓட்டிக்கொண்டு போவது. அதுதான் திட்டம்.

மெல்போர்னில் மகள் ஷெரில் இருக்கிறாள். பேத்திக்குப் புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் விசேஷம்; கோயிலில் தேதி குறித்தாகிவிட்டது. அவர் மனைவி அல்போன்சாவுக்குக் கடலோரமும் வேண்டாம், மலையோரமும் வேண்டாம். வெள்ளை கவுன் போட்டு நிற்கிற பேத்தி பக்கத்தில் தானும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏங்க, பேசாம பிளேன்ல போயி, நோயல் கார்லயே சுத்துனா ஆவாதா?"

"மருமவன் கார்ல பின்சீட்ல மூட்டை மாதிரி குந்திகினு வர்றதுக்கா நான் அவ்ளோ தூரம் போறேன்? மொதல்ல வண்டி எறங்கட்டும். அப்புறம்தான் நாம ஏறணும்."

"வண்டி லேட்டானா?"

"நாமளும் லேட்டு."

"புள்ளைக்குப் புது நன்மை முடிஞ்சிருமே?"

"வண்டி இல்லன்னா நான் இல்ல. அவ்ளோதான்."

வீம்பு என்று நினைக்காதீர்கள், பாவம், அது பயம். ரிட்டயர் ஆனபின் தெருவில் அவரை அடையாளம் காட்டுவது அந்த வெள்ளைக் கார் ஒன்றுதான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் வாத்தியார். விட்டால் வெறும் வயசான ஆள். அந்நிய ஊரில் வெறும் ஆளாகப் போய் நிற்க அவருக்கு மனசில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கார் அனுப்பும் ஏஜென்ட் சந்திரமௌலி, மந்தைவெளிக்காரர். வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: "சார், அந்த ஊர் கஸ்டம்ஸ்காரா ரொம்பக் கறார். மண்ணு, இலை, விதை எதுவும் வண்டில இருக்கப்படாது. நான் வந்து பார்த்து சரின்னாத்தான் கன்டெய்னர்ல ஏத்தறது."

ராத்திரிச் சாப்பாட்டில் வாத்தியார் அதை ஒரு பாடமாகவே எடுத்தார். அந்தக் கண்டம், அதன் விவசாயம், அந்நியச் செடி வந்தால் ஆகும் கேடு, எல்லாம் விளக்கினார். எதையும் உதாரணத்தோடு சொல்லிப் பழகிய வாய் அல்லவா?

"ஒரே ஒரு கடுகு கெடந்தாலும் போச்சு, அல்போன்சா. திருப்பி அனுப்பிருவான்."

"ஒரு கடுகா?"

"ஒரு கடுகு!"

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று வாத்தியாருக்கு ஏக திருப்தி.

மறுநாளிலிருந்து காருக்கு அபிஷேகம்தான். கால்மிதிகளைக் கழற்றி அலசினார். டூத் பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே தண்ணீர் அடித்து, மூக்கிலும் வாயிலும் வாங்கினார். மாடி வீட்டு ஜைதூன் பீ எட்டிப் பார்த்து, "இன்னா வாத்யாரே, வண்டிக்குக் கண்ணாலமா?" என்று கேட்டாள்.

சந்திரமௌலி டார்ச்சோடு வந்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு கடுகு.

வாத்தியார் மறுபடி கழுவினார். மறுபடி டார்ச். சீட் இடுக்கில் வெந்தயம். போன கிறிஸ்துமஸுக்கு மளிகை வாங்கி வந்தபோது சிந்தியிருக்கும் என்று வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த தடவை ஏசி துவாரத்தில் சீரகம். அதற்கும் அடுத்த தடவை டிக்கியில் சோம்பு.

"என்ன சார், இது காரா, மளிகைக் கடையா?" என்று சந்திரமௌலி டார்ச்சை அணைத்தார். "கப்பல் போயிடுத்து. அடுத்ததுல ஏத்தினா உங்க பேத்தி விசேஷம் முடிஞ்சுதான் போய்ச் சேரும்."

கார் கப்பலேறவில்லை. தெருவே பார்க்க வாத்தியாரின் மானம்தான் ஏறியது.

"நான் வரலை," என்றார் வாத்தியார், சோபாவில் சாய்ந்து.

"சரி," என்றாள் அல்போன்சா. "ஷெரில் டிக்கெட் போட்டுட்டா. நான் போய்ட்டு வர்றேன். ரசம் வெக்கிறது எப்டின்னு காட்டுறேன், எழுந்து வாங்க."

அவள் இப்படிச் 'சரி' என்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அடுப்படிக்குப் போனார். அடுப்பில் ரசம் ஏறியிருந்தது. அவள் அஞ்சறைப் பெட்டியை நீட்டினாள். "மூடியத் தொறங்க."

திறந்தார். கடுகு. அடுத்த கிண்ணத்தில் வெந்தயம். அதற்கடுத்து சீரகம். அதற்கடுத்து சோம்பு.

பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அல்போன்சா... நீயா?"

"நான்தான். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"அடிப்பாவி! அஞ்சாவது தடவ கழுவியிருந்தா?"

"கொத்தமல்லி கீதே."

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அங்க வண்டி இல்லாம நான் யாரும்மா? பின்சீட்ல உக்காந்து, ஜன்னலத் தொறக்கக்கூட அடுத்தவனக் கேட்டுகினு..."

அல்போன்சா கடுகுக் கிண்ணத்தைச் சரிசெய்தாள். "கட்டிகினு வந்த நாள்லேந்து உங்க வண்டில நான் அப்டித்தான வர்றேன். நான் யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. வாத்தியார் கேஸைத் திருகி மூடினார். பிறகு, "ரெண்டு டிக்கெட் போடச் சொல்லு," என்றார்.

"ரெண்டுதான் போட்டிருக்கா," என்றாள் அவள்.

மெல்போர்னில் மருமகன் நோயல் மரியாதையாக முன்கதவைத் திறந்து, "மாமா, வாங்க," என்றான். மாமா பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வருவதற்குள் அத்தை ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டாள். அவர் பின்னால் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்தில் கடல் தெரிந்தது. ஜன்னல் பொத்தானை அமுக்கினார். கண்ணாடி இறங்கவில்லை. பேத்திக்காகப் பூட்டி வைத்திருந்தான் நோயல்.

"அல்போன்சா, இந்த ஜன்னலக் கொஞ்சம்..."

அவள் திரும்பவே இல்லை.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."