மருமகளின் கடைக்கு நான் வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேரும் நன்றாகப் படித்தவர்கள். எனக்குத்தான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு மேல் வராது. அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. நான் வாயால் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது, பிறகு ஏன் கையை நோகடிக்க வேண்டும்? ஆனால் இதே போனை வைத்துத்தான் என் மருமகளின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன். ஆறுதலாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

மருமகள் சுகந்தி என் மூத்தவன் குமரனின் பெண்சாதி. மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பலகாரக் கடை போட்டாள். முறுக்கு, பயற்றம் பணியாரம், அரியதரம். கார்டறி என்கிற காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கிற நல்ல வேலையை விட்டுவிட்டுப் போட்ட கடை. கோடை முழுவதும் வியாபாரம் மந்தம். பனி கொட்டத் தொடங்குவதற்குள் ஒரு கலியாண ஓடராவது வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போவதென்று முடிவெடுத்திருந்தாள்.

இந்தக் காலத்தில் கடைக்கு வாசலில் பலகை இருந்தால் மட்டும் போதாதாம். போனுக்குள்ளும் ஒரு பக்கம் வேண்டுமாம். சுகந்திக்கு மட்டுமில்லை, தொழில் செய்கிற எல்லாருக்கும் இருக்கிறது. வீடு விற்கிற தம்பி கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். சட்டத்தரணிப் பிள்ளை தடித்த புத்தகங்களுக்கு முன்னால் நிற்கிறா. பல்லு டாக்குத்தர் மற்றவர்களின் பல்லைக் காட்டுகிறார். (எங்கள் ஐயருக்கும் ஒரு பக்கம் உண்டு. கலியாணப் படங்களில் மாப்பிள்ளையைவிட அவர்தான் பெரிதாகத் தெரிவார்.) சுகந்தி முறுக்கை எண்ணெயிலிருந்து எடுத்ததும் முதலில் படம் எடுப்பாள். எங்கள் வாய்க்கு வருவது அதற்குப் பிறகுதான். வாங்கிச் சாப்பிட்டவர்கள் அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் குத்தி, இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள். ஐந்து குத்தினால் அருமை, ஒன்று குத்தினால் குறை.

ஒருநாள் காலை பக்கத்து ஊர் லவாலிலிருந்து ஒரு கலியாணப் பெண்ணின் தாய் போன் எடுத்தா. பக்கத்தைப் பார்த்தோம், பிடித்திருக்கிறது, பின்னேரம் முடிவு சொல்கிறோம் என்றா. சுகந்தி போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பாவம், கண்ணெல்லாம் தண்ணீர்.

மத்தியானம் பேத்தி மாயாவைக் கூப்பிட்டு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். எல்லாம் ஐந்து. 'இப்படி ஒரு கைப்பக்குவம் மொன்ட்ரியாலிலேயே இல்லை' என்று ஒருவர். 'சுகந்தி அக்கா, உங்களை அடிக்க ஆளில்லை' என்று இன்னொருவர். இத்தனை சனம் வாய்விட்டுப் புகழ்ந்தால் கண்ணூறு நாவூறு படாமல் என்ன செய்யும்?

மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட வழியில்லை. (முந்தி ஒருமுறை போட்டு, புகைமணி அலறி, மேல்மாடிக் கிரேக்கக்காரி குளித்த தலையோடு ரோட்டுக்கு ஓடிவந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தடை.) யோசித்தேன். பச்சைக் குழந்தையைக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்காமல் யாராவது வெளியே கொண்டுபோவார்களா? கட்டுகிற வீட்டுக்கு வெருளிப் பொம்மை கட்டாமல் விடுவார்களா? இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு பொட்டும் இல்லை. ஒரு மறு இல்லாமல் பளபளவென்று இருக்கிறது.

மாயா நீச்சலுக்குப் போனதும், அந்தப் பக்கம் திறந்தபடி கிடந்த என் போனை எடுத்தேன். ஒரேயொரு நட்சத்திரம் குத்தினேன். வாயைக் கிட்டே கொண்டுபோய், "பெரிய திறம் எண்டு சொல்ல ஏலாது. முறுக்குக் கல்லு மாதிரி. பல்லுக் கவனம்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டது. அனுப்பினேன். பிறகு நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்தேன். உலகத்தில் என்னைப்போல் மாமியார் யாருக்குக் கிடைக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் சுகந்தி போனைப் பிடித்தபடி வந்து நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

"மாமி, இது நீங்களோ போட்டது?"

"ஓம். நான்தான்."

"நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான் மாமி?"

"குறையோ? குறை வரக்கூடாது எண்டுதான் பொட்டு வைச்சனான்."

குமரன் எட்டிப் பார்த்தான். "அம்மா, இது பொட்டில்லை. செருப்படி. உங்கட படத்தையும் ஒருக்கால் பாருங்கோ."

பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் என் படம். மாயா எடுத்தது. சுகந்தியின் கடைக்குள், கடையின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முறுக்குத் தட்டோடு சிரிக்கிறேன். கீழே அதற்குள் சனம் கூடிவிட்டது. 'மாமியாரே சொல்லுறா எண்டால் உண்மையாத்தான் இருக்கும்' என்று ஒருவர். 'வீட்டில் சண்டை போல' என்று மற்றவர். மருமகளைப் பற்றி வெளியில் ஒரு சொல் சொல்லாதவள் என்று தலை நிமிர்த்தி நடந்த எனக்கு, அந்த நேரம் ஏப்ரனால் முகத்தை மூடலாம் போலிருந்தது.

குமரன் அழிக்கப் பார்த்தான். எங்கே அழுத்துவதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. லவால். சுகந்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள்.

"பிள்ளை, அந்த முறுக்குக் கதை எழுதினது உம்மட மாமியோ? அவவிட்டைப் போனைக் குடும், நான் கதைக்க வேணும்."

போனை வாங்கினேன்.

"தங்கச்சி, நான்தான்."

"முறுக்குக் கல்லோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. பூ மாதிரி. அதாலைதான் கல்லெண்டு சொன்னனான். அவ்வளவு சனம் புகழுது. நாவூறு பட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

சுகந்தி சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன், தெரியாத இரண்டு பேரையும் சேர்த்து.

பிறகு அந்தத் தாய் குரலைத் தணித்தா. "அம்மா, என்ர மகளும் கூறைச்சீலை எடுத்த படத்தைப் போட்டிருக்கிறாள். ஊரெல்லாம் வடிவு வடிவெண்டு எழுதுதுகள். எனக்கு நெஞ்சு பதைக்குது. நான் எழுதினால் சண்டைக்கு வருவாள். நீங்கள் அதிலை ஒரு குறை சொல்லி விடுவியளோ?"

"என்ன குறை வேணும்?"

"கரை கொஞ்சம் மங்கல் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவு காணும். பலகார ஓடரைப் பிள்ளையிட்டைச் சொல்லுறன், குடுங்கோ."

சுகந்தி ஓடரை எடுத்து முடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பேந்து சிரித்தாள். பேந்து, "இனி என்ர கடைப் பக்கத்திலை கை வைச்சால் தெரியும்" என்றாள். நான் கேட்ட சொல்லிலேயே இனித்த சொல் அதுதான். குமரன் அழிக்கப் போனபோது அவள் விடவில்லை. அதன் கீழே, 'நன்றி மாமி. இரவுக்கும் அந்தக் கல்லுத்தான் சாப்பாடு' என்று எழுதினாள். கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் முறுக்கை வாங்கிவிட்டு, "பொட்டு மாமி உள்ளுக்கோ?" என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். குமரனுக்கு வேலையில் உயர்வு வந்தபோது, "அம்மா, இந்தப் புது மனேச்சருக்கும் ஒண்டு குத்தி விடுங்கோ" என்றான். மாயா பள்ளிக்கூடத்தில் முழுப் புள்ளி எடுத்தால், நான் வாயைத் திறக்குமுன் ஒரு நட்சத்திரமென்று ஒற்றை விரலைக் காட்டுவாள்.

எங்கே மாயா, போன் எழுதினதை முதலிலிருந்து ஒருக்கால் வாசி பாப்பம். நல்லாயிருந்தால் வாய்விட்டுச் சொல்லிப்போடாதை.